கெல்டில் ஒரே ஓர் அறை

ஜனவரி. ஸ்டாக்போர்ட்டில் நான்கு நாளாய் மழை.
சமையலறை மேசையில்
இங்கிலாந்தின் இடுப்பை விரித்து வைத்திருக்கிறோம்.
மேற்கு மூலையில் உப்பு ஜாடி,
கிழக்கு மூலையில் மார்மலேட் புட்டி,
நடுவே மடிப்பில் கிழிந்து
ஒட்டுநாடாவுக்கு அடியில் மங்கிய ஓர் ஊர்:
கெல்ட்.

செயின்ட் பீஸிலிருந்து ராபின் ஹுட்ஸ் பே வரை
என் கையால் மூன்றரைச் சாண்.
ரோலண்ட் கையால் மூன்று.
காலால் நூற்றுத் தொண்ணூறு மைல்.
அதில் மட்டும்
இருவருக்கும் ஒரே கணக்கு.

முப்பது வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போட்ட மனுஷன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
பதினான்கு நாளையும் பதினான்கு பெட்டியாய்க் கோக்கிறார்.
ஷாப் 16.10. ரீத் 15.45.
மழைக்குச் சலுகை, நாளுக்கு இருபது நிமிடம்.
"கொப்புளத்துக்கு?" என்றேன்.
கொப்புளத்துக்கு அட்டவணையில் இடமில்லை.

நான் காலுறை எண்ணுகிறேன்.
வார்டில் எத்தனை இரவு, எத்தனை பாதங்கள்;
முகம் மறைப்பதைக்கூட
பாதம் சொல்லிவிடும்.
பஞ்சு, வாசலின், இரண்டு ஊசி.
தராசில் வைத்துப் பார்த்தால்
டர்னிப்பின் பதினான்கு நாள் தீனி
எங்கள் இருவர் துணிமணியைவிடக் கனம்.
டர்னிப்போ மேசைக்கடியில்
கெல்டுக்கு நேர்கீழே குறட்டை விடுகிறது.

சண்டை வந்தது திசையில்.

ஊரே மேற்கிலிருந்து கிழக்கே போகிறது.
காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்,
மழை பிடரியோடு நின்றுகொள்ளும்.
"அதையெல்லாம் முகத்துல வாங்கிட்டு நடக்க
எனக்கென்ன வேண்டுதலா?"

அவருக்குச் சூரியன் விழுகிற கடலில்தான் முடிக்க வேண்டும்.
"விடியிற பக்கமாப் போய்
எதை முடிக்கிறது?"

மூன்று நாள்
எங்கள் பேச்சு 'உப்பை எடு', 'மார்மலேடை எடு' என்பதோடு சரி.
உப்பை எடுத்தால்
மேற்கு சுருண்டுகொள்ளும்.
மார்மலேடை எடுத்தால் கிழக்கு.

நான்காம் நாள் கெல்டுக்குப் போன் போட்டேன்.
மே பதினெட்டு, ஓர் இரவு.
மிஸஸ் ஆல்டர்சன் ஏட்டைப் புரட்டுகிற சத்தம்,
பின்னால் எங்கோ ஓர் ஆட்டின் இருமல்.
"ஒரே ஒரு ரூம்தான் பாக்கி.
எந்தப் பக்கமிருந்து வர்றீங்க?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:
"ஒருத்தர் அந்தப் பக்கம்.
ஒருத்தர் இந்தப் பக்கம்."

அவள் சிரிக்கவில்லை.
எழுதிக்கொண்டாள்.
முன்பணம் இருபது பவுண்டு என்றாள்.
கட்டில் கொஞ்சம் சின்னது என்றாள்.

இரவு ரோலண்ட் பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு
இரண்டு புது வண்டி விட்டார்.
ஒற்றைத் தண்டவாளம்,
கெல்டில் கிராஸிங்.
இத்தனை வருடத்தில்
அவர் முகம் இப்படி மலர்ந்து பார்த்ததில்லை.

நான் ஐரிஷ் கடலில் ஒரு கூழாங்கல் எடுப்பேன்,
அவர் வட கடலில் ஒன்று.
எதிர்க்கரையில் போய்ப் போட வேண்டும், அதுதான் வழக்கம்.
கெல்டில் கல்லை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.
மாற்றினால்
இரண்டும் புறப்பட்ட கடலுக்கே திரும்பிவிடும்.
கூடாது என்று முடிவாயிற்று.

ஆனால் நாய்?
பதினான்கு நாள் தீனியை
ஒரே முதுகு சுமக்காது. ஆளுக்கு ஏழு நாள்.
என்னோடு கெல்ட் வரை,
அங்கிருந்து அவரோடு.

அப்படியென்றால்
மலை மலையாய் ஏறி இறங்கி
அது போய்ச் சேர்வது கிளம்பிய கரைக்கே.
மூன்று பேரில்
இரண்டு கடல் பார்க்காத ஜீவன் அது ஒன்றுதான்.

பரவாயில்லை.
நான் வந்த தடத்திலேதான் அவரை இழுத்துப் போகும்,
மூக்கைத் தரையில் வைத்து,
தினம் இரண்டு நாள் பழசாகிக்கொண்டே போகும்
என் வாசத்தை மோந்துகொண்டு,
மழை விட்டுவைத்தால்.